அதே வாள், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து: ஜப்பானியப் பழம்வாள் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பழம்வாள் வணிகர்களுக்கு,

வணக்கம்.

டோக்கியோவின் நிஷிகசாயில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன் நான். உங்கள் கடைகளின் படியேறி, மண்டியிட்டு அமர்ந்து, மூச்சுக்காற்று இரும்பில் படாதபடி வாயை மூடிக்கொண்டு, வாளைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாடிக்கையாளர்களில் ஒருவன். இந்த மடலின் ஜப்பானிய வடிவத்தை நான் போய்வரும் கடைகளில் நேரிலேயே கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைக்கிறேன். என்னைப் போலவே இங்கே வேலைக்கு வந்து, பணம் சேர்த்து ஒரு பழைய வாளையாவது வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படும் தமிழர்கள் சிலரை அறிவேன். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டு, செர்ரிப் பூக்கள் உதிர்ந்து முடிந்த வாரத்தில், உங்களில் ஒருவரிடம் ஒரு கட்டானா வாங்கினேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நீளம் 69.1 சென்டிமீட்டர், உங்கள் கணக்கில் இரண்டு ஷாகு, இரண்டு சுன், எட்டு பு. கொல்லனின் பெயர் அதில் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ தன் உயரத்துக்கு ஏற்ப அடிப்புறத்தை வெட்டிக் குறுக்கியபோது பெயரும் சேர்ந்து போய்விட்டது. நகாகோவில், அதாவது கைப்பிடிக்குள் மறைந்து கிடக்கும் துருவேறிய வால்பகுதியில், மூன்று துளைகள். எச்சூ நாட்டின் (ஜப்பானின் பழைய மாகாணம் ஒன்று) உதா கொல்லர் மரபைச் சேர்ந்தது என்று ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் டொகுபெட்சு ஹோசோன் (சிறப்புப் பாதுகாப்பு) சான்று சொன்னது. 14ஆம் நூற்றாண்டுப் பொருள். விலை 13 லட்சம் யென். "நல்ல வாள், இப்போதுதான் வந்தது" என்றார் கடைக்காரர்.

அன்று இரவு வீட்டில் ஒற்றை விளக்கின் கீழ் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்து மடித்து அடித்த இரும்பின் கருத்த ரேகைகள் நீரோட்டம் போல ஓடுகின்றன. வெட்டும் விளிம்பை ஒட்டிப் பனிமூட்டம் போல வெண்மை படர்ந்து நிற்கிறது. அந்த இரவைப் பற்றி எனக்கு இன்றும் எந்தக் குறையும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கண்டா ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடையொன்றில், சணல் கயிற்றால் கட்டிப்போட்ட வாள் விற்பனைப் பட்டியல்கள் கிடந்தன. வாள்களின் படங்களுக்காகவே கட்டோடு வாங்கி வந்தேன். 2009ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றைப் புரட்டும்போது, ஒரு பக்கத்தில் என் வாள் இருந்தது. முதலில் நம்பவில்லை. மூன்று துளைகளையும் ஒப்பிட்டேன். நடுத் துளை சற்றே விலகி, கீழ்த் துளையின் ஓரம் தேய்ந்து, அப்படியே. துருவின் திட்டுகள், பதிவுச் சான்றை வழங்கிய மாநிலம், பதிவான மாதம், நீளம் எல்லாம் ஒத்துப்போயின. வெளியிட்டதும் அதே கடைதான், எனக்கு விற்ற கடை. 2009இல் விலை 18 லட்சம் யென். கொல்லன் பெயர் வேறு: புகழ்பெற்ற கொல்லன் நொரிஷிகேயின் வழிவந்த தமெத்சுகு என்று, இப்போது வழங்கப்படாத பழைய கிச்சோ வகைச் சான்றைக் காட்டி எழுதியிருந்தார்கள். அதே கட்டில் 2014ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றும் இருந்தது. மேற்கு ஜப்பானின் வேறொரு கடையுடையது. அதிலும் என் வாள். விலை போடாமல், நேரில் கேட்கச் சொல்லி.

இன்னொன்றையும் அந்தப் பழைய படத்தில் கண்டேன். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரும்பின் மடிப்பு பிரிந்து எழும்பிய சிறு கொப்புளம் ஒன்று. நீங்கள் ஃபுகுரே என்பீர்கள். என் வாளில் அந்த இடத்தில் கொப்புளம் இல்லை. அரிசிமணி அளவில், நிறம் கொஞ்சம் வேறுபட்ட ஒரு புள்ளி இருக்கிறது. அதை இரும்பின் இயல்பான கோலம் என்றே இரண்டு ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். கொப்புளத்தைத் தோண்டியெடுத்து, பொருத்தமான இரும்பை அடித்து நிரப்பியிருக்கிறார்கள். உமெகானே. செய்தவர் பெரிய கைவினைஞர், அதில் சந்தேகமே இல்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் தேநீர் ஊற்றிக்கொடுத்தார். படத்தைப் பார்த்தார். மறுக்கவில்லை. "முந்தைய உரிமையாளர்களைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கமில்லை" என்றார், மிகுந்த மரியாதையோடு. நான் யாருடைய பெயரையும் கேட்டிருக்கவில்லை. வாளைப் பற்றித்தான் கேட்டேன்.

அந்த நாளிலிருந்து, விற்ற வாள் ஏன் பல ஆண்டுகள் கழித்து அதே அலமாரிக்குத் திரும்புகிறது என்பதைத் தெரிந்துகொள்ள முயன்று வருகிறேன். வயதான சேகரிப்பாளர்கள் பலர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்களில் சிலரும் கடை மூடிய பிறகு மனம்விட்டுப் பேசினீர்கள். அதற்கு நன்றி. கேட்டதில் பெரும்பகுதி என் கோபத்தைக் குறைத்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாள் திரும்பி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் மரணம். எழுபது வயதில் வாங்கியவர் எண்பத்திரண்டில் போய்விடுகிறார். ஜப்பானில் மரபுரிமை வரிக் கணக்கைப் பத்து மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வரியின் உச்ச விகிதம் 55 சதவீதம். பிள்ளைகளுக்கு வாளைப் பிடிக்கவே தெரியாது. குறுகிய அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமும் இல்லை. பெட்டிக்குள் உங்கள் கடையின் ரசீது இருக்கிறது. நேரே உங்களிடம் வருகிறார்கள். நீங்களும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறீர்கள். முன்பே கையில் பிடித்துப் பார்த்து, நல்லது என்று உங்கள் வாயாலேயே சொன்ன பொருள் அது. கள்ளக் கையெழுத்துகள் மலிந்த இந்தத் தொழிலில், தெரிந்த வாளைத் திரும்ப வாங்குவதைவிடப் பாதுகாப்பான முதலீடு வேறில்லை. ஒன்று வாங்கியவர் அதைவிட உயர்ந்ததற்கு ஆசைப்பட்டு, பழையதைக் கொடுத்து மேற்கொண்டு பணம் கட்டும்போதும் இதுவே நடக்கிறது. அந்த மாற்று வழக்கம் இல்லாவிட்டால் என்னைப் போன்ற சம்பளக்காரர்கள் நல்ல வாளின் அருகிலேயே போக முடியாது.

விற்காமலே திரும்பும் வாள்களும் உண்டு என்று அறிந்தேன். ஒரு வாள் ஓராண்டு அலமாரியில் இருந்தும் போகவில்லை என்றால், வாடிக்கையாளர்கள் அதில் ஏதோ குறை என்று நினைத்துவிடுகிறார்கள். குறை எதுவும் இருக்காது, சரியான ஆள் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் பலமுறை கண்ணில் பட்ட பொருளை யாரும் ஆசையோடு பார்ப்பதில்லை. எனவே பௌலோனியா மரப் பெட்டியில் வைத்து, பட்டுப்பையில் சுற்றி, சில ஆண்டுகள் உறங்கவிடுகிறீர்கள். அல்லது வணிகர்கள் மட்டுமே கூடும் பரிமாற்றச் சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே இன்னொரு கடைக்காரர் எடுக்கிறார், அவரிடமிருந்து மூன்றாமவர். கடைசியாக வீட்டுக்குக் கொண்டுபோகும் மனிதர் ஒருவர்கூட வராமலே வாள் நான்கு கடைகளைச் சுற்றிவந்துவிடும். சொந்தக்காரர் விற்றுத்தரச் சொல்லி ஒப்படைத்த வாள் என்றால், தவணை முடிந்ததும் அவரிடமே போய், விலையைக் குறைக்க அவர் மனம் இறங்கிய பிறகு மீண்டும் வரும். "விற்பனையானது" என்று பட்டியலில் எழுதியவற்றிலும் சில, பணம் முழுதாகக் கட்டப்படாமல் திரும்பியவை.

நாணயத்தின் கதை தனி. 2011 அக்டோபரில் ஒரு டாலருக்கு 75 யென் அளவுக்கு யென் ஏறியிருந்தது. 2024 ஜூலையில் 161 யென்னைத் தாண்டி விழுந்தது. 30 லட்சம் யென் மதிப்புள்ள ஒரு வாளை முதல் நாளில் வாங்கும் அமெரிக்கர் ஏறக்குறைய 40,000 டாலர் எண்ணி வைக்க வேண்டும். இரண்டாம் நாளில் 19,000 டாலருக்கும் குறைவாகவே போதும். உறங்கிக்கொண்டிருந்த பெட்டிகள் பல ஏன் இந்த ஆண்டுகளில் திறக்கப்பட்டன என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை. இதையும் நான் குறை சொல்லவில்லை. வாடகை கட்ட வேண்டும், வட்டி கட்ட வேண்டும், உதவியாளருக்குச் சம்பளம் தர வேண்டும்.

ஆக, வாள் திரும்பி வருவதில் குற்றம் எதுவும் இல்லை. அறுநூறு ஆண்டு வாழும் பொருளை எழுபது ஆண்டு வாழும் மனிதன் வாங்கினால் அது திரும்பத்தான் வரும். நான் வருந்துவது, அது ஒவ்வொரு முறையும் முதன்முறை வருவதுபோல வருவதைப் பற்றி.

உங்கள் தொழிலில் உபுதாஷி என்ற சொல்லுக்கு இருக்கும் மந்திர சக்தியை அறிவேன். யாரும் பாராதது, பழைய வீட்டின் கிடங்கிலிருந்து நேராக வெளிவந்தது, சந்தையின் கை படாதது. அந்தப் புதுமைக்காகச் சேகரிப்பாளர்கள் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்துக்குத் தீனி போடவே பழைய விற்பனைப் பட்டியல்கள் அழிக்கப்படுகின்றன, பழைய சான்று கழற்றி வைக்கப்படுகிறது, பழைய விலை மறக்கப்படுகிறது. விலை ஏறியிருந்தால் புதியவர் பேரம் பேசுவார் என்று மறைக்கிறீர்கள். இறங்கியிருந்தால், வாள் என்பது மதிப்புக் குறையாத சொத்து என்ற பேச்சு பொய்த்துவிடும் என்று மறைக்கிறீர்கள். என் வாள் பன்னிரண்டு ஆண்டில் ஐந்து லட்சம் யென் இறங்கியது. அந்தச் செய்தி எனக்கு 2021இல் கிடைத்திருந்தாலும் அதை வாங்கியிருப்பேன். ஆனால் தெரிந்து வாங்கியிருப்பேன்.

சான்று மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை. கிச்சோ வகைச் சான்றுகள் 1982இல் முடிவுக்கு வந்து, இன்றைய ஹோசோன் முறை பிறந்தது. அந்தப் பழைய தாள்களில் பலவற்றில் பெரிய பெயர்கள் தாராளமாக இருக்கின்றன என்பதும், சந்தை அவற்றை முழுதாக நம்புவதில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. தமெத்சுகு என்று எழுதப்பட்டிருந்த வாளை மறுபடி ஆய்வுக்கு அனுப்பி, உதா என்ற அடக்கமான பெயரோடு எனக்கு விற்றது நேர்மையான செயல். என் கண்ணுக்கும் அது உதாதான். பெருமைப்பட வேண்டிய அந்தச் செயலைக்கூடவா ஒளிப்பது? "முன்பு இப்படிச் சொன்னார்கள், நாங்கள் ஐயப்பட்டு மீண்டும் அனுப்பினோம், இப்போது இப்படிச் சொல்கிறார்கள்" என்று சொல்லியிருந்தால், அந்தக் கடைக்காரரை என் வாழ்நாள் ஆசிரியராக ஏற்றிருப்பேன்.

மறைப்பதால் வாங்குபவனுக்கு வரும் நட்டத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. இந்த மடலை எழுதவைத்தது அதுதான். புதிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக வாள் மீண்டும் தீட்டப்படுகிறது.

தீட்டுவது என்றால் துடைத்து மெருகேற்றுவது என்று நம்மவர்கள் நினைக்கக்கூடும். கரடான கல்லில் தொடங்கி, படிப்படியாக நுண்மையான கற்களுக்கு வந்து, கடைசியில் நகத்தளவு மெல்லிய கல் துணுக்குகளைக் கட்டைவிரலால் தேய்த்து முடிக்கும் வேலை அது. டோகிஷியின், அதாவது வாள் தீட்டும் கைவினைஞரின், கையில் வாள் வாரக்கணக்கில் இருக்கும். அவர் கைக்குப் போய்ச்சேர மாதக்கணக்கில் வரிசையில் காத்திருக்கும். கூலி லட்சக்கணக்கான யென். அந்தக் கலைக்கு என் தலை தாழ்கிறது. ஆனால் ஒவ்வொரு தீட்டலிலும் இரும்பு போகிறது. போன இரும்பு திரும்ப வராது. கடினமான மேற்தோல் இரும்புக்குள் மென்மையான உள்ளிரும்பை வைத்து அடித்த வாள்கள் பல. தோல் தேய்ந்துகொண்டே வந்து ஒருநாள் உள்ளிரும்பு கோலமற்ற வெறும் திட்டாக வெளியே தெரியும். விளிம்பின் வெண்மை குறுகும். துளையை ஒட்டிய பகுதியில் தடிமனாகவும் மேலே மெலிந்தும், நோயாளியின் கைபோல ஆகிவிடும். நீங்களே அதைக் களைத்த வாள் என்றுதான் சொல்கிறீர்கள்.

மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் அண்டாமல், விரல் படாமல் வைத்திருந்தால் ஒரு நல்ல தீட்டல் தலைமுறைகளுக்கு நிற்கும். அப்படியிருக்க, என் வாளின் 2009ஆம் ஆண்டுப் படத்திலேயே தீட்டல் நன்றாகத்தான் இருந்தது. துருவும் இல்லை, கீறலும் இல்லை. 2021இல் அது புதுத் தீட்டலோடு வந்தது. கொப்புளத்தை நிரப்பியதால் அந்த இடத்தைத் தீட்டியே ஆக வேண்டியிருந்தது என்பதை ஏற்கிறேன். நிரப்பியது ஏன்? பழைய படத்தைப் பார்த்தவர்கள் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருந்தால், அறுநூறு ஆண்டுகள் போரையும் தீயையும் கடந்து வந்த இரும்பின் ஒரு படலத்தை ஒரு விற்பனைப் பட்டியலுக்காகக் கழுவிவிட்டோம் என்றாகிறது. இந்தக் கடையில் அப்படி நடந்தது என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாறு ஆண்டு உறக்கத்துக்குப் பின் புதுத் தீட்டல், புது வெண்மர உறை, புதுச் சான்று என்று ஒரே மூச்சில் எல்லாம் மாறி வரும் வாள்களை நான் பலமுறை பார்த்துவிட்டேன். வாளுக்குத் தேவைப்பட்டுத் தீட்டியது எது, பட்டியலுக்குத் தேவைப்பட்டுத் தீட்டியது எது என்று உங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும்.

உங்கள் முன்னோர்கள் இப்படி மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. வாள்களை மதிப்பிடுவதையும் தீட்டுவதையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஹொன்னாமி குடும்பத்தை நீங்கள் குலதெய்வம் போல மதிக்கிறீர்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எட்டாவது தொக்குகாவா ஷோகுன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) யோஷிமுனேயின் ஆணைப்படி ஹொன்னாமி கோச்சூ தொகுத்த புகழ்பெற்ற வாள்களின் ஏட்டில், வாளின் நீளமும் மதிப்பும் மட்டுமா இருக்கின்றன? யார் யாருக்குக் கொடுத்தார், எந்தப் போருக்குப் பின் யார் கைக்குப் போனது, யார் குறுக்கினார் என்று வழித்தடம் எழுதப்பட்டிருக்கிறது. தீயில் எரிந்துபோன வாள்களுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். எரிந்தது என்பதைக்கூட எழுதி வைத்தார்கள்! கொல்லன் அவாதகுச்சி யோஷிமித்சு செய்த இச்சிகோ ஹிதோஃபுரி என்ற வாள் 1615இல் ஒசாகா கோட்டையோடு எரிந்தது; கொல்லன் யசுத்சுகு அதற்கு மறுபடி சூடேற்றி விளிம்புக்கு உயிர் கொடுத்தார். குறுக்கப்பட்டதும் எரிந்ததும் மறுசூடு பெற்றதும் அதன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் சேர்த்தே சொல்லப்படுகின்றன. இன்று அது அரச குடும்பத்தின் சேகரிப்புக்குரியது. அதன் மதிப்பு குறைந்துவிட்டதா?

கடல் கடந்து போய் வந்ததையும் ஒளிக்க வேண்டியதில்லை. ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குரிய, குனிமுனே என்ற கொல்லன் செய்த வாள் போருக்குப் பின் காணாமல் போய், அமெரிக்காவில் டாக்டர் வால்ட்டர் காம்ப்டனின் கைக்கு வந்தது. அது என்ன வாள் என்று தெரிந்ததும் 1963இல் பணம் எதுவும் பெறாமல் அவர் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பயணம் வாளின் புகழில் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் இன்று சந்தையில் என்ன நடக்கிறது? வாள் வெளிநாடு போகும்போது ஜப்பானியப் பதிவுச் சான்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பல ஆண்டு கழித்து அது திரும்பி வரும்போது கல்வி வாரியம் புது எண்ணில், புதுத் தேதியில் புதுப் பதிவு தருகிறது. சட்டம் அப்படி, அதில் யாருக்கும் குற்றமில்லை. அதேபோல், பாட்டி வீட்டுக் கிடங்கில் இப்போதுதான் கண்டெடுத்த வாளுக்கும் புதுத் தேதியில்தான் பதிவு கிடைக்கும். இந்த இரண்டையும் வாங்குபவனால் பிரித்தறிய முடியாது. உங்களால் முடியும். அமெரிக்க ஏலத்தில் நீங்களே எடுத்து வந்த வாளின் அருகில் புதுப் பதிவுச் சான்றை மட்டும் வைத்துவிட்டு, வாடிக்கையாளர் தானாகக் கிடங்கைக் கற்பனை செய்துகொள்ளும்போது பேசாமல் இருப்பது, வாயால் பொய் சொல்வதற்கு மிக அருகில் இருக்கிறது.

உங்கள் மறுப்பு எனக்குத் தெரியும். விற்றவர்களின் மானத்தைக் காக்க வேண்டும். குடும்ப வாளை விற்கும் நிலை வந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் அவர்கள் தலைகுனிவார்கள். இந்த அடக்கத்தை மதிக்கிறேன். நாளை என் மகன் விற்க வந்தால் அவனுக்கும் அதே அடக்கத்தைக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் பெயருக்கும் வரலாற்றுக்கும் இடையே கோடு போடுவது கடினமா? பழம்பொருள் வணிகச் சட்டப்படி, விற்க வருபவர் யார் என்று உறுதிசெய்து பேரேட்டில் எழுதி, மூன்றாண்டு காக்கிறீர்கள். அந்தப் பேரேடு காவல்துறைக்கானது. அதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்பது வாளுக்கான ஒரு தாள். அதில் மனிதர் பெயர் ஒன்றுகூட இருக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் அரை சென்ட் நிலம் வாங்கினாலும் மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். என் தந்தை அப்படிப் பழக்கியவர். அதனால்தானோ என்னவோ, வாள் வாங்கும்போதும் முந்தைய தாள்களை எதிர்பார்த்தேன். ஜப்பானில் பதிவுச் சான்று வாளோடு பயணிக்கிறது. வாங்கியவர் இருபது நாளுக்குள் கல்வி வாரியத்துக்குத் தெரிவித்தால் போதும். அரிய ஏற்பாடு. ஆனால் அந்தச் சிறு தாளில் நீளம், வளைவு, துளைகளின் எண்ணிக்கை, கையெழுத்து இவைதாம் உண்டு. வாளுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுத அதில் இடமில்லை. அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்கள் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. வாளைக் கையில் பிடித்த டோகிஷி யார் என்று உங்களுக்குத்தான் தெரியும். முந்தைய ஆய்வில் அது தேறவில்லை என்பதும், ஜூயோ என்ற உயர்தகுதிக்கு மூன்று முறை அனுப்பித் திரும்பியது என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பெட்டியை மூடும்போது அந்த அறிவும் உள்ளே போய்விடுகிறது. நீங்கள் காலமானால் அதோடு அழிந்தும்விடுகிறது.

ஒரு வாளை நீங்கள் முன்பே விற்றிருந்தால், மீண்டும் வைக்கும்போது அதைச் சொல்லுங்கள். எந்த ஆண்டு என்று சொன்னாலே போதும். விலையைச் சொல்ல மனம் வராவிட்டால் நான் வற்புறுத்த மாட்டேன். பழைய சான்று எவ்வளவு தவறானதாக இருந்தாலும் கழற்றி எறியாமல் பெட்டியிலேயே வையுங்கள். நிரப்பிய இடம், தீட்டிய ஆண்டு, தீட்டியவர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தீட்டுபவரின் பெயரை மறைப்பது எனக்குச் சிறிதும் புரிவதில்லை. அது அவருடைய படைப்பும் அல்லவா? வெளிநாட்டிலிருந்து நீங்களே கொண்டுவந்தது என்றால் அப்படியே சொல்லுங்கள். தீட்டல் நன்றாக இருக்கும் வாளை, தயவுசெய்து, புதிதாகக் காட்டுவதற்காகக் கல்லில் வைக்காதீர்கள். இந்தக் கடைசி வேண்டுகோளுக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் நான் தயார்.

நீங்கள் இப்படிச் செய்தால் வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சுகிறீர்களா? 2015இல் டோக்கென் ரன்பு என்ற கணினி விளையாட்டு வந்த பிறகு, அருங்காட்சியகங்களில் வாள்களின் முன்னே வரிசையில் நிற்கும் இளம்பெண்களைப் பாருங்கள். அவர்கள் வாளின் வெட்டும் திறனைப் பார்க்க வரவில்லை. அது யாரிடம் இருந்தது, எங்கே போனது, என்ன துன்பம் பட்டது என்ற கதைக்காக வருகிறார்கள். பிசென் நாட்டின் சஞ்சோமோ வாள் பிறந்த மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று செத்தோஉச்சி நகரம் கேட்டபோது, நாடெங்கிலுமிருந்து மக்கள் பணம் அனுப்பினார்கள். 2020இல் 50 கோடி யென்னுக்கு நகரம் அதை வாங்கியது. வழித்தடம் என்பது இந்தத் தலைமுறைக்குச் சுமை இல்லை. மூன்று முறை அலமாரிக்கு வந்த என் உதாவின் கதையைச் சொல்லியிருந்தால், அதைக் கேட்டபடியே பணத்தை எடுத்து வைத்திருப்பேன்.

மேலும் மறதியை நம்பித் தொழில் செய்யும் காலமும் போய்விட்டது. முன்பு அச்சுப் பட்டியல் குப்பைக்குப் போனால் படமும் போயிற்று. இன்று ஒவ்வொரு படத்தையும் யாரோ சேமித்து வைத்திருக்கிறார்கள். துளைகளையும் துருவையும் பொருத்திப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும். வாடிக்கையாளர் தானே கண்டுபிடித்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வரும் அந்த நாள், நீங்களே முன்கூட்டிச் சொல்லியிருக்கக்கூடிய நாளைவிட இருவருக்குமே கசப்பானது. தேநீர் ஆறிப்போன அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை. அந்தக் கடைக்காரரும் மறந்திருக்க மாட்டார். அதன் பின்னும் அவரிடம் போகிறேன். எனக்கு அவர்மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் அவர் "இப்போதுதான் வந்தது" என்று சொல்லும்போது, என் கண் வாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்கிறது.

என் உதா வாளுக்கு ஒரு தாள் எழுதி முடித்துவிட்டேன். கையால் செய்த காகிதத்தில், ஜப்பானிய மொழி நன்கறிந்த நண்பர் ஒருவரின் உதவியோடு. 2009இல் டோக்கியோவில் தமெத்சுகு என்ற பெயரோடு விற்பனைக்கு இருந்தது. 2014இல் மேற்கே ஒரு கடையில் இருந்தது. இடையில் எப்போதோ, முனையிலிருந்து ஒரு சாணில், ஒரு கொப்புளம் நிரப்பப்பட்டது. 2021இல் உதா என்ற பெயரோடு மீண்டும் டோக்கியோவில். என் கைக்கு வந்த பின் கல்லில் வைக்கப்படவில்லை. ஆண்டுக்குச் சில முறை எண்ணெய் மாற்றப்பட்டது. விலைகளையும் எழுதியிருக்கிறேன், நான் கொடுத்ததையும் சேர்த்து. இரண்டு பட்டியல் பக்கங்களின் படியோடு பட்டுப்பையின் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்.

ஒருநாள் இந்த வாளும் உங்களில் ஒருவரிடம் வரும். நான் ஊர் திரும்பும்போதோ, அதற்கு முன்போ. வெண்மர உறையிலிருந்து உருவும் முன் பையின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். தாளில் நான் எழுதியதற்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

வணக்கத்துடன்,
நிஷிகசாயிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்